அரண்மனைக்காரன் தெருவில் ஓர் ஆர்மீனியக் கோயில்

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தொடங்கும் அரண்மனைக்காரன் தெருவில் செவ்வாய்க்கிழமைகளில் கால்வைக்க இடமிருக்காது. தூய மரியன்னை இணைப் பேராலயத்தில் குடிகொண்டிருக்கும் அந்தோணியாரைத் தேடி நகரின் எல்லா மூலையிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். மெழுகுவத்தி, பூமாலை, நேர்ச்சை, முணுமுணுப்பு என்று தெரு நிறைந்து கிடக்கும். வருபவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் ஏராளம்.

அதே தெருவில் இன்னொரு மரியன்னை கோயிலும் உண்டு. உயரமான வாசல், உள்ளே மரங்கள் நிழல் தரும் முற்றம், தரையோடு தரையாகப் பதிந்த கல்லறைக் கற்கள், கோயிலை ஒட்டாமல் தனித்து நிற்கும் மணிக்கூண்டு. இங்கே நிரந்தரக் குரு இல்லை. வாராந்தர வழிபாடு இல்லை. கொல்கத்தாவிலிருந்து ஆர்மீனியக் குரு ஒருவர் வரும் அரிதான நாள்களில்தான் பலிபீடத்தில் விளக்கு ஏறும். இதைக் கட்டிய சமூகம் சென்னையிலிருந்து ஏறக்குறைய முற்றாகக் கரைந்துவிட்டது.

ஆர்மீனியக் கோயில் என்று அழைக்கப்படும் இந்தக் கட்டடம் 1772ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்கு முன்னோடியான கோயில் 1712இல் எழுந்தது. சென்னையின் பழமையைச் சொல்லும் புத்தகங்களில் இதற்கு ஒரு பத்தியும் ஒரு புகைப்படமும் தவறாமல் கிடைக்கின்றன. ஒரு வணிகச் சமூகம் விட்டுச்சென்ற விந்தையான மிச்சம் என்பதாகவே அந்தப் பத்திகள் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. சைதாப்பேட்டைப் பாலம், பரங்கிமலைப் படிகள், வேப்பேரியில் தமிழ் அகராதி அச்சான வளாகம், உலகின் முதல் ஆர்மீனிய இதழ் ஆகிய அத்தனையும் இந்தச் சிறு சமூகத்தின் கதைக்குள் வருகின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது இந்தக் கோயில் தமிழகத்தின் சொந்த வரலாற்றில் ஓர் அத்தியாயம் என்பது விளங்கும். அப்படியானால் அதைப் பேணும் கடமை யாருடையது என்ற கேள்வியும் கூடவே எழும்.

ஜுல்ஃபாவிலிருந்து சோழமண்டலக் கரைக்கு

ஆர்மீனியர்கள் கி.பி. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறிஸ்தவத்தை அரச சமயமாக ஏற்றவர்கள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் அவர்களுக்கென ஓர் எழுத்து முறையை உருவாக்கினார். 451இல் கூடிய சால்சிடன் சங்கத்தின் முடிவுகளை ஆர்மீனியத் திருச்சபை ஏற்கவில்லை. ரோமோடும் கான்ஸ்டான்டிநோபிளோடும் சேராமல் தனி வழியில் நடந்தது. தனி மொழி, தனி எழுத்து, தனித் திருச்சபை ஆகிய மூன்றும்தான், நாடு கைவிட்டுப் போன காலங்களிலும் அந்த மக்களைச் சேர்த்துக் கட்டி வைத்தன.

சென்னைக்கு வந்தவர்கள் நேராக ஆர்மீனியாவிலிருந்து வந்தவர்கள் அல்லர். 1604-05இல் பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ், துருக்கியரோடு நடந்த போரின்போது, அராஸ் நதிக்கரையிலிருந்த ஜுல்ஃபா நகரத்து ஆர்மீனியர்களைக் கூண்டோடு பெயர்த்துத் தம் தலைநகரான இஸ்ஃபஹானுக்கு அருகே குடியேற்றினார். அந்தக் குடியிருப்பு நியூ ஜுல்ஃபா எனப்பட்டது. ஊரை இழந்தவர்கள் அங்கிருந்து ஒரு மாபெரும் வணிக வலையைப் பின்னினார்கள். பட்டு, மணிக்கற்கள், துணி, வாசனைச் சரக்கு ஆகியவற்றோடு ஆம்ஸ்டர்டாம் முதல் மணிலா வரை அவர்களது முகவர்கள் பயணித்தார்கள். குடும்பத் தலைவர் ஜுல்ஃபாவில் இருப்பார். மகனோ மருமகனோ பங்காளியோ உலகின் மறுகோடியில் கணக்கெழுதுவார். இந்த வலையின் மூச்சு கடிதங்கள். 1748இல் நாகப்பட்டினக் கரைக்கு அருகே ஆங்கிலக் கடற்படை 'சாந்தா கேத்தரினா' என்ற கப்பலைப் பிடித்தபோது, அதில் ஆர்மீனிய வணிகர்களின் சுமார் 1,700 கடிதங்களும் தாள்களும் சிக்கின. லண்டன் ஆவணக் காப்பகத்தில் நெடுங்காலம் கட்டுப் பிரிபடாமல் கிடந்த அவற்றை வரலாற்றாசிரியர் செபூ அஸ்லானியன் தம் ஆய்வில் பயன்படுத்திய பிறகுதான், அந்த வணிகத்தின் நம்பிக்கையும் நாணயமும் எப்படி இயங்கின என்பது உலகுக்குத் தெரிந்தது.

தமிழ்க் கரையோடு இவர்களுக்கிருந்த உறவு கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் முந்தியது. 1517இல் மயிலாப்பூரில் தோமையார் கல்லறையைத் தேடிப்போன போர்த்துகீசியர்களுக்கு வழிகாட்டியவர் கோஜா எஸ்காந்தர் என்ற ஆர்மீனியர் என்று போர்த்துகீசியப் பதிவுகள் சொல்கின்றன. 'கோஜா' என்பது மதிப்புக்குரிய வணிகரைக் குறிக்கும் பாரசீகப் பட்டம். மதராசில் கோட்டை எழுந்து சில பத்தாண்டுகளுக்குள், பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆர்மீனியர்கள் இங்கே நிலையாகக் குடியேறத் தொடங்கினார்கள்.

நாற்பது பேர் இருந்தால் ஒரு கோயில்

இந்தக் குடியேற்றத்துக்குச் சட்ட வடிவம் தந்தது ஓர் ஒப்பந்தம். 1688 ஜூன் 22 அன்று லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியும் கோஜா பானோஸ் கலந்தர் என்ற ஜுல்ஃபா வணிகரும் அதில் கையொப்பமிட்டார்கள். கம்பெனிக் கப்பல்களில் பயணிக்கவும் சரக்கேற்றவும் கம்பெனி நகரங்களில் வீடு நிலம் வாங்கவும் ஆர்மீனியருக்கு உரிமை கிடைத்தது. கம்பெனிக்கு, ஏற்கெனவே விரிந்திருந்த அவர்களது வணிகம் தன் துறைமுகங்களின் பக்கம் திரும்பும் என்ற ஆதாயம்.

அந்த ஒப்பந்தத்தோடு சேர்ந்த சமய உறுதிமொழி குறிப்பிடத்தக்கது. கம்பெனிக்குச் சொந்தமான எந்த ஊரிலாவது நாற்பதோ அதற்கு மேலோ ஆர்மீனியர்கள் குடியிருந்தால், கோயில் கட்ட நிலம் தரப்படும். கம்பெனி தன் செலவில் மரத்தாலான ஒரு கோயிலைக் கட்டித் தரும். குருவின் பிழைப்புக்காக ஏழாண்டுகளுக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு வழங்கும். கொல்கத்தாவில் 1724இல் எழுந்து இன்றும் நிற்கும் நாசரேத்துக் கோயிலும் மதராஸ் கோயிலும் இந்தச் சூழலில் பிறந்தவை.

நாற்பது பேர் என்பது சிறிய எண். ஆனால் அந்த எண்ணுக்குள் ஒரு வாழ்க்கை முறை அடங்கியிருக்கிறது. நாற்பது பேருக்கு ஒரு குரு, பிறப்பு-திருமணம்-இறப்பைப் பதிய ஓர் ஏடு, பிணக்குத் தீர்க்க ஒரு கூடம், புதைக்க ஒரு நிலம் தேவை. எங்கும் சிறுபான்மையாகவே வாழ்ந்தவர்களுக்கு வழிபாட்டிடமே ஊர் மன்றம், ஆவணக் காப்பகம், பள்ளிக்கூடம், இடுகாடு எல்லாம். மதராசில் 1712இல் எழுந்த முதல் கோயில் இன்றைய உயர் நீதிமன்றப் பகுதியில், அன்றைய கறுப்பர் நகரத்தில் இருந்தது. அதே 1712இல்தான் தரங்கம்பாடிக்கு அச்சுப்பொறி வந்து இறங்கியது. சோழமண்டலக் கரை அப்போது எத்தனை திசைகளுக்குத் திறந்து கிடந்தது என்பதற்கு இந்த ஒரே ஆண்டு போதும்.

பாலம், படிகள், ஒரு பேழை

மதராஸ் ஆர்மீனியர்களில் நகரத்தின் உடம்பிலேயே தம் பெயரைப் பதித்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். நியூ ஜுல்ஃபாவில் பிறந்து, மணிலாவில் பொருளீட்டி, 1720களில் மதராசுக்கு வந்தவர். பரங்கிமலைக்குப் போகும் யாத்ரிகர்கள் மழைக்காலத்தில் அடையாற்றைக் கடக்கத் தவிப்பதைக் கண்டு, 1726இல் தம் சொந்தப் பணத்தில் சைதாப்பேட்டையில் அதன் குறுக்கே பாலம் கட்டினார். செலவு 30,000 வராகன். மர்மலாங் பாலம் என்று இரண்டு நூற்றாண்டுக்கு மேல் வழங்கிய அது, 1960களில் புதிய பாலத்துக்கு இடம் விட்டது. இன்று அதன் பெயர் மறைமலை அடிகள் பாலம். அன்றாடம் லட்சக்கணக்கானோர் கடந்துபோகும் அந்த வழித்தடம் ஒரு தனிமனிதரின் கொடையில் பிறந்தது.

பரங்கிமலை உச்சிக்குப் போகும் கற்படிகளும் அவர் அமைத்தவையே. 160 படிகள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மலை மேலிருக்கும் கோயில் போர்த்துகீசியரின் கத்தோலிக்கக் கோயில். உஸ்கான் கத்தோலிக்கத்தின்பால் ஈடுபாடு கொண்டவர். ஆர்மீனியத் திருச்சபை, கத்தோலிக்கம், கம்பெனியின் புராட்டஸ்டன்ட் அதிகாரம் என்ற மூன்று வட்டங்களுக்கு நடுவில் அவர் வாழ்ந்தார்.

1746இல் பிரெஞ்சுப் படை மதராசைக் கைப்பற்றியது. உஸ்கானின் உடைமைகள் பறிபோயின. புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தால் சொத்து திரும்பக் கிடைக்கும் என்றார்கள், அவர் மறுத்துவிட்டார். 1749இல் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பியது. பிரெஞ்சுக்காரருக்கு உதவியதாகச் சந்தேகித்து, கத்தோலிக்கரும் ஆர்மீனியரும் வெள்ளையர் நகரத்தில் குடியிருக்கக் கூடாது என்று கம்பெனி ஆணையிட்டது. விசுவாசத்துக்காகச் சொத்தை இழந்தவரின் இனத்துக்கே இந்த ஆணை போனது, சிறுபான்மையாய் வாழ்வதன் நிலையாமைக்கு ஓர் எடுத்துக்காட்டு.

வேப்பேரியில் உஸ்கான் ஒரு மாதா கோயிலும் எழுப்பியிருந்தார். 1751இல் அவர் இறந்தபோது அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். இதயத்தை மட்டும் ஒரு பேழையில் வைத்துத் தாய்மண்ணான நியூ ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே கம்பெனி அந்த வளாகத்தை ஜெர்மானிய லுத்தரன் ஊழியர் யோகான் பிலிப் பப்ரீசியஸிடம் ஒப்படைத்தது. பத்தாண்டுக்குப் பிறகு, 1761இல் புதுச்சேரியில் ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சுப்பொறி வேப்பேரிக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்துதான் பப்ரீசியஸின் தமிழ்-ஆங்கில அகராதி 1779இல் வெளிவந்தது. தமிழ் விவிலியத்திலும் ஞானப்பாட்டுகளிலும் அவர் கைபட்ட பணி தமிழ்ப் புராட்டஸ்டன்ட் வழிபாட்டில் இன்றும் வாழ்கிறது. அந்த இடத்தில் இன்று நிற்பது தூய மத்தியா ஆலயம். உஸ்கானின் கல்லறை அங்கேயே இருக்கிறது. தமிழ் அகராதி வரலாற்றைப் படிப்பவர்கள் பப்ரீசியஸைத் தெரிந்துகொள்கிறார்கள். அவர் வேலை செய்த மண்ணை வாங்கிக் கோயில் எழுப்பிய ஆர்மீனியரின் பெயர் அந்தப் பக்கங்களில் வருவதில்லை.

1772: ஒரு கோயில், ஓர் அச்சகம்

போர்களின் பின்விளைவாகப் பழைய கறுப்பர் நகரம் இடித்து வெளியாக்கப்பட்டது. கோட்டைச் சுவரிலிருந்து பீரங்கிக்குத் தடையற்ற பார்வை வேண்டும் என்பதே காரணம். முதல் ஆர்மீனியக் கோயிலும் அந்தக் கொந்தளிப்பில் மறைந்தது. அதற்குப் பதிலாக 1772இல் இன்றைய இடத்தில் புதிய கோயில் எழுந்தது. அந்த நிலத்தில் முன்பே ஆர்மீனியக் கல்லறைகள் இருந்தன. அதனால்தான் கோயிலுக்குள் நுழைபவர் கல்லறைகளின் மீதே நடக்க வேண்டியிருக்கிறது. சுமார் 350 ஆர்மீனியர்கள் இந்த வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

புதிய கோயிலோடு சேர்த்துப் பேச வேண்டிய பெயர் ஷஹாமிர் ஷஹாமிரியான். மதராஸ் ஆங்கிலப் பதிவுகளில் ஆகா ஷாமியர் சுல்தான் என்று வருபவர் இவரே. 1723இல் நியூ ஜுல்ஃபாவில் பிறந்து மதராசின் பெருவணிகர்களில் ஒருவரானவர். கோயில் கட்டப்பட்ட அதே 1772இல் அவர் மதராசில் ஆர்மீனிய அச்சகம் ஒன்றை நிறுவினார். முதலில் வந்தது ஓர் அரிச்சுவடி. அதே ஆண்டில், மோவ்செஸ் பக்ராமியான் எழுதிய ஓர் அறைகூவல் நூலும் வெளிவந்தது. பாரசீக, துருக்கிய ஆட்சிகளுக்குக் கீழே சிதறிக் கிடந்த ஆர்மீனியர்கள் விழித்தெழுந்து விடுதலைக்குப் போராட வேண்டும் என்றது அந்த நூல். எச்மியாட்சினில் இருந்த திருச்சபைத் தலைவர் சிமியோன் அதைக் கண்டு வெகுண்டார். பிரதிகளை எரிக்கச் சொன்னார். பாரசீகத்துக்கும் துருக்கிக்கும் இடையில் திருச்சபையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவருக்கு மதராசிலிருந்து வந்த புரட்சிக் குரல் அச்சமூட்டியதில் வியப்பில்லை.

ஷஹாமிரியான் நிற்கவில்லை. 'வோரோகைத் பராட்ஸ்' என்ற நூல் அடுத்து வந்தது. இனிமேல் உருவாக வேண்டிய ஆர்மீனியக் குடியரசுக்கான அரசமைப்புச் சட்டம் அதில் 521 பிரிவுகளில் வரையப்பட்டிருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை ஆளும்; சட்டத்தின் முன் எல்லாரும் சமம்; தனி ஒருவரின் விருப்பத்துக்கு நாடு கட்டுப்படாது. தலைப்புப் பக்கத்தில் 1773 என்று இருக்கிறது. அச்சு முடிந்தது 1780களில்தான் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படியானாலும் பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பே, இல்லாத ஒரு நாட்டுக்கான குடியரசுச் சட்டம் மதராசில் அச்சேறியது. மன்னராட்சியும் கம்பெனி ஆட்சியும் மட்டுமே தெரிந்திருந்த நகரத்தில் அது நடந்தது.

அஸ்தரார்

1794 அக்டோபர் 16. மதராசிலிருந்து 'அஸ்தரார்' என்ற மாத இதழின் முதல் வெளியீடு வந்தது. உலகில் ஆர்மீனிய மொழியில் வந்த முதல் இதழ் அதுதான். இஸ்தான்புல்லிலோ வெனிஸிலோ திஃப்லிஸிலோ அல்லாமல், ஆர்மீனிய இதழியல் பாரிமுனைக்கருகே தொடங்கியது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னர், 1785இல்தான், மதராசின் முதல் ஆங்கிலச் செய்தித்தாளான 'மெட்ராஸ் கூரியர்' தொடங்கியிருந்தது. தமிழின் முதல் இதழாகக் குறிப்பிடப்படும் 'தமிழ் மேகசின்' வருவதற்கு 1831 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

'அஸ்தரார்' ஆசிரியர் அருட்தந்தை ஹருத்யூன் ஷ்மவோனியன். ஈரானின் ஷிராஸ் நகரத்தவர். ஒரே வாரத்தில் இரண்டு மகன்களைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரிலிருந்து விலகி, சில ஆண்டுகள் தனிமையில் பாரசீக மொழி பயின்று, பிறகு மதராஸ் ஆர்மீனியர்களின் குருவாக வந்து சேர்ந்தார். சொந்தமாக அச்சகம் அமைத்தார். அரபு எழுத்தில் அச்சிடவும் ஆற்காட்டு நவாபிடம் அனுமதி பெற்றார். கப்பல் வரவு, சரக்கு விலை, ஊர்ச் செய்தி, உலகச் செய்தி, இரங்கல் குறிப்பு என்று இதழ் ஒரு வணிகச் சமூகத்தின் அன்றாடத்தைச் சுமந்தது. 18 இதழ்களோடு 1796இல் நின்றுபோனது.

அவர் 1824இல் இறந்தார். கல்லறை இந்தக் கோயில் வளாகத்திலேயே இருக்கிறது. ஆர்மீனியாவிலிருந்து சென்னைக்கு வருபவர்கள் முதலில் தேடிப்போவது அந்தக் கல்லைத்தான்.

மணிக்கூண்டில் தமிழ்

கோயிலின் பேர்போன அங்கம் அதன் மணிக்கூண்டு. கோயிலிலிருந்து பிரிந்து நிற்கும் அதற்குள் ஆறு மணிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 கிலோ எடை. ஆறும் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1837ஐச் சேர்ந்த இரண்டு மணிகள் லண்டனில் தாமஸ் மியர்ஸின் வார்ப்படச் சாலையிலிருந்து வந்தவை. மிகப் பழையது 1754இல் வார்க்கப்பட்டு 1808இல் மறுவார்ப்புச் செய்யப்பட்டது. அதில் ஆர்மீனிய எழுத்தோடு தமிழ் எழுத்தும் இருக்கிறது.

இந்தத் தமிழ் எழுத்தைச் சிறிய செய்தியாகக் கடந்துவிடக் கூடாது. ஆர்மீனிய வழிபாட்டுக்காக, ஆர்மீனிய மொழியறிந்தோருக்காக மட்டும் ஒரு மணி இருந்திருந்தால் அதில் தமிழுக்கு வேலையில்லை. கொத்தனார், தச்சர், காவலர், துபாஷி, கணக்கர், வீட்டு வேலையாள் என்று தமிழர் கைகளும் வாய்களும் அந்த வளாகத்தைச் சுற்றி எப்போதும் இருந்தன. சைதாப்பேட்டைப் பாலத்தில் உஸ்கான் வைத்த கல்வெட்டு ஆர்மீனியம், பாரசீகம், லத்தீன் என்ற மூன்று மொழிகளில் இருந்தது. வணிகருக்கும் நவாபின் ஆட்களுக்கும் ஐரோப்பியருக்கும் அது பேசியது. எண்பது ஆண்டுக்குப் பிறகு மறுவார்ப்பான மணியில் தமிழ் வந்துவிட்டது. இந்த இரண்டு பொறிப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் சமூகம் ஊரோடு எவ்வளவு தூரம் கலந்துவிட்டது என்று தெரிகிறது.

கரைந்துபோன சமூகம்

கலந்த சமூகம் பிறகு கரைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் கம்பெனி வணிகனாக இருந்து அரசனாக மாறிவிட்டது. 1688இல் கூட்டாளியாகத் தேவைப்பட்ட ஆர்மீனியர் இப்போது போட்டியாளர் ஆனார்கள். நியூ ஜுல்ஃபாவும் பாரசீக அரசியல் குழப்பத்தில் செல்வத்தை இழந்தது. வணிகத்தின் மையம் கொல்கத்தாவுக்கு நகர, குடும்பங்களும் நகர்ந்தன. பலர் ரங்கூன், பதேவியா, சிங்கப்பூர் என்று போனார்கள். 1821இல் கொல்கத்தாவில் ஆர்மீனியக் கல்லூரி தொடங்கியது. மெஸ்ரோப் ஜேக்கப் சேத் 1937இல் 'இந்தியாவில் ஆர்மீனியர்கள்' என்ற பெருநூலை அங்கிருந்துதான் வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையில் விரல்விட்டு எண்ணத்தக்க ஆர்மீனியர்களே எஞ்சினார்கள். கோயிலின் பராமரிப்பு கொல்கத்தா ஆர்மீனியத் திருச்சபைக் குழுவின் பொறுப்பில் இருக்கிறது. அவர்கள் அதைக் கைவிடாமல் காத்துவருவது போற்றத்தக்கது.

ஒரு வழிபாட்டிடத்துக்கு வாரிசு இருப்பதும் இல்லாததும் எவ்வளவு வேறுபாடு என்பதைத் தென்மாவட்டத்தவர் எளிதில் உணர்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி கோயிலில் திருமலை நாயக்கரின் வயிற்றுவலி தீர்ந்த கதையை இன்றும் ஊரார் சொல்வார்கள். நாயக்கர் அரசு போய்விட்டது. கதையும் கோயிலும் போகவில்லை. கோவில்பட்டிக்கருகே வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டியில் ஆகஸ்ட் 15 அன்று பரலோக மாதா திருவிழாவுக்குக் கரிசல் காட்டு ஊர்களெல்லாம் திரண்டுவிடும். கிறிஸ்தவர் அங்கும் சிறுபான்மைதான். ஆனால் தேரை இழுக்கவும் வெள்ளையடிக்கவும் உண்டியலில் காசு போடவும் ஆள் உண்டு. கோயிலைக் காக்கும் முதல் அரண் வழிபடுவோரின் கால்தூசி. அது அரண்மனைக்காரன் தெருக் கோயிலுக்கு இல்லை.

உரிமையிலிருந்து கடமைக்கு

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, தனக்கென மொழியும் எழுத்தும் பண்பாடும் உள்ள எந்தக் குடிமக்கள் பிரிவுக்கும் அவற்றைப் பாதுகாத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. சிறுபான்மையினர் தம் அடையாளத்தோடு வாழ இது பெரிய துணை. ஆனால் உரிமையைக் கோருவதற்கு ஆள் வேண்டும். ஆர்மீனிய மொழி பேசும் குடிமக்கள் ஊரில் ஏறக்குறைய எஞ்சாத நிலையில், 29ஆம் பிரிவு யாருக்காகப் பேசும்?

அந்த இடத்தில்தான் 51ஏ பிரிவு வருகிறது. 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளில் ஒன்று, நாட்டின் கூட்டுப் பண்பாட்டு மரபை மதித்துப் பேணுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. இந்த இரு பிரிவுகளையும் சேர்த்துப் படித்தால் ஒரு தெளிவு கிடைக்கிறது. சமூகம் இருக்கும்வரை மரபைக் காப்பது அதன் உரிமை. சமூகம் கரைந்த பிறகு அது எஞ்சியிருப்போர் அனைவரின் கடமையாகிறது. சென்னையின் ஆர்மீனியக் கோயிலுக்கு இன்று வாரிசு சென்னைக்காரர்கள்தான்.

இப்படி ஒரு நகரம் வாரிசுரிமையை ஏற்றதற்கு முன்னுதாரணம் உண்டு. சிங்கப்பூரில் ஜார்ஜ் கோல்மன் வடிவமைத்த ஆர்மீனியக் கோயில் 1835இல் எழுந்தது. அங்கும் ஆர்மீனியர் என்றுமே மிகச் சிறிய எண்ணிக்கைதான். 1973இல் அந்த நாடு அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. ஆக்னஸ் ஜோவக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் பெயரைத் தாங்கிய ஆர்க்கிட் பூ 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. அவரது கல்லறைக் கல்லும் அந்தக் கோயில் முற்றத்தில்தான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் தம் நாட்டின் மலரோடு சேர்த்தே அந்தச் சமூகத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். டாக்காவில் 1781இல் எழுந்த ஆர்மீனியக் கோயிலைச் சுற்றிய பகுதி ஆர்மானிடோலா என்றே இன்றும் அழைக்கப்படுகிறது.

எதிர்த் திசையிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. ஷா அப்பாஸ் பெயர்த்தெடுத்த அந்தப் பழைய ஜுல்ஃபாவின் இடுகாட்டில் செதுக்குவேலை நிறைந்த ஆயிரக்கணக்கான சிலுவைக் கற்கள் நின்றிருந்தன. நகிச்செவான் பகுதியிலிருந்த அந்த இடுகாடு 1998க்கும் 2005க்கும் இடையில் தகர்த்து அழிக்கப்பட்டது. செயற்கைக்கோள் படங்கள் அதை உறுதிப்படுத்தின. அந்தச் சிலுவைக் கல் கலையை யுனெஸ்கோ 2010இல் மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜுல்ஃபாவின் கற்கள் அதற்குள் போய்விட்டன. ஜுல்ஃபாக்காரர்களின் மூதாதையர் கல்லறைகள் மூதூரில் இல்லாமல் போன பிறகு, அவர்களது வழித்தோன்றல்களின் பெயர் சொல்லும் சென்னைக் கற்களின் மதிப்பு பன்மடங்கு கூடியிருக்கிறது.

செய்ய வேண்டியவை

கட்டடத்தின் உரிமையையும் வழிபாட்டு உரிமையையும் தொடாமலே நகரம் செய்யக்கூடிய வேலைகள் பல. முதலாவது பதிவு. கல்லறைக் கற்களின் ஆர்மீனிய வாசகங்களைப் படியெடுத்து, தமிழாக்கத்தோடு வெளியிட வேண்டும். கால் படும் கல் தேயும். மதராஸ் மழையும் உப்புக்காற்றும் எழுத்தை விட்டுவைக்காது. தமிழ்நாட்டில் கல்வெட்டியலுக்கு நீண்ட மரபு உண்டு, பயிற்சி பெற்ற அறிஞர்களும் இருக்கிறார்கள். சோழர் கல்வெட்டுக்குக் காட்டும் கவனத்தில் சிறு பங்கு இந்தக் கற்களுக்குப் போதும். மணியிலுள்ள தமிழ்ப் பொறிப்பு தமிழ்க் கல்வெட்டு வரலாற்றின் பகுதியாகவே படிக்கப்பட வேண்டியது.

இரண்டாவது, சிதறிக் கிடக்கும் இடங்களை ஒரே வரலாறாக இணைப்பது. அரண்மனைக்காரன் தெருக் கோயில், வேப்பேரி தூய மத்தியா ஆலயம், சைதாப்பேட்டைப் பாலமுனை, பரங்கிமலைப் படிகள் ஆகிய நான்கும் ஒரு பள்ளி வகுப்பு ஒரே நாளில் பார்த்துவிடக்கூடியவை. கோட்டைக்குள் கிளைவ் மாளிகை என்று அறியப்படும் கட்டடமும் முன்பு ஆர்மீனிய வணிகர் வீடாக இருந்ததே. இன்று அதில் தொல்லியல் துறை அலுவலகம் இயங்குகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இந்த ஐந்து இடங்களையும் பார்த்துவிட்டால், கம்பெனிக் காலத்து மதராஸ் ஆங்கிலேயரும் தமிழரும் மட்டும் வாழ்ந்த ஊர் இல்லை என்பது பாடப்புத்தகத்தின் துணையில்லாமலே புரிந்துவிடும்.

மூன்றாவது பணம். இங்கே உஸ்கானே வழிகாட்டி வைத்திருக்கிறார். பாலத்தைக் கட்டி முடித்ததோடு தம் வேலை தீர்ந்தது என்று அவர் விடவில்லை. பாலத்தின் பராமரிப்புக்கென்றே 1,500 வராகன் தனியாக ஒதுக்கி அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். கட்டுவதற்கு ஆன செலவில் இருபதில் ஒரு பங்கு அது. சென்னை மாநகரம் அதே கணக்கில், அந்தப் பாலத்தை மறுபடி கட்டவோ விரிவாக்கவோ ஆகும் தொகையில் ஒரு சிறு பங்கை எடுத்து, அதைக் கொடுத்தவரின் சமூகத்துக் கல்லறைகளையும் கல்வெட்டையும் ஆவணப்படுத்தும் நிதியாக வைக்கலாம். கொல்கத்தா திருச்சபைக் குழு, மாநிலத் தொல்லியல் துறை, சென்னைப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறை ஆகிய மூன்றும் ஒரு மேசையில் அமர்ந்தால் இரண்டு மூன்று ஆண்டுக்குள் முடியக்கூடிய பணி இது. கற்கள் இன்னும் வாசிக்கும் நிலையில் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.